அறுபதுக்கு மேல் அயல்நாட்டு ஊழியம்: ஒரு கடைமடைக்காரி சொல்லும் வழிகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். “டீச்சர், ரிட்டயர் ஆகிட்டோம், பிள்ளைங்க செட்டில் ஆகிட்டாங்க, நாங்களும் போகலாமான்னு யோசிக்கிறோம். அங்க சந்தோஷமா இருந்தீங்களா?”

நானும் எங்கள் வீட்டுக்காரரும் 2023 பொங்கல் முடிந்த கையோடு பொறையாறிலிருந்து கிளம்பி, கம்போடியாவின் பட்டம்பாங் நகரத்தில் 18 மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலராக இருந்தவர். கேட்பவர்களிடம் உள்ளதைத்தான் சொல்கிறேன்: முதல் மூன்று மாதம் சந்தோஷமாக இல்லை. நான்காவது மாதம் ரொம்ப மோசம். அப்புறம்தான் வந்தது.

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி மதகைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள். கல்லணையைத் தாண்டி, ஆறு பிரிந்து வாய்க்காலாகி, எங்கள் கடைமடைக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அதற்காகத் தண்ணீர் வராது என்று இங்கே யாரும் நாற்றங்கால் போடாமல் இருப்பதில்லை. நான் எழுதுவதும் அந்த இடைப்பட்ட நாட்களை எப்படிக் கழிப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில், என்ன வேலைக்குப் போகிறோம் என்று கேளுங்கள்

மூத்த ஊழியம் என்றால் கையில் வேதாகமத்தோடு தெருத்தெருவாக நடப்பது என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் பண்ணக் கம்போடியாவில் அனுமதியே கிடையாது. மூத்தவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் பின்னால் இருந்து தாங்குகிற வேலை. அலுவலகக் கணக்கு, விடுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கிணறு, கழிப்பறை மாதிரியான உதவித் திட்டங்களை மேற்பார்ப்பது, முதியவர்களைப் போய்ப் பார்த்துவருவது, இளம் ஊழியர்களுக்குப் பெரியவர்களாக இருப்பது. சம்பளம் கிடையாது. அநேகமாகச் செலவும் உங்களுடையதுதான். காலம் சபைக்குச் சபை மாறும். ஆறு மாதத்துக்கும் அனுப்புகிறார்கள், இரண்டு வருடத்துக்கும் அனுப்புகிறார்கள்.

“எதுவானாலும் செய்கிறோம்” என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். தாழ்மையாகத்தான் தெரியும். ஆனால் அனுப்புகிறவர்களுக்கு அதில் ஒன்றும் புரியாது. நாங்கள் “வரவு செலவு எழுதத் தெரியும், ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை அடக்கத் தெரியும்” என்று எழுதினோம். அதற்கேற்ற வேலை கிடைத்தது. எந்த ஊர், மாடி ஏறணுமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், யாரிடம் கணக்கு ஒப்படைப்பது, இதையெல்லாம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். என்ன வகை விசா என்று கட்டாயம் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யச் சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு பெரிய பரிசுத்தவானாக இருந்தாலும் போகாதீர்கள்.

காகிதம், மருந்து, வீடு

இது சலிப்பான பகுதி. ஆனால் இதில் கோட்டைவிட்டால் அங்கே போய் ஜெபம் பண்ண உட்கார்ந்தாலும் மனசு பொறையாறிலேயே நிற்கும்.

பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று பெரிய விஷயம். மத்திய அரசு பென்ஷனுக்கு நவம்பரில் கொடுக்க வேண்டும். மாநில அரசு பென்ஷனுக்கு நேர்காணல் எந்த மாதம் என்று கிளம்புவதற்கு முன்பே கருவூலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். நான் “செல்போனிலேயே முடித்துவிடலாம்” என்று மெத்தனமாக இருந்தேன். கடைசியில் பஸ் பிடித்து, 290 கிலோமீட்டர் போய், தலைநகர் நோம் பென்னில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அது இங்கே ஒரு மேசையில் கிடந்துவிட்டது. இரண்டு மாதம் பென்ஷன் வரவில்லை. “நான் உயிரோடதான் இருக்கேன் சார்” என்று போனில் சொல்லிப் பார்த்தேன். “காகிதத்துல வரணும் மேடம்” என்றார்கள். அனுப்புகிற எதற்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். ஊரில் நேரில் போய்க் கேட்கிற ஆள் ஒருவரும் இருக்கட்டும்.

இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள். வங்கியிலிருந்து ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் கைவிட்டுப் போய்விடலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் அங்கே செல்லாது. பல் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஒரு மழைக்காலம் போதும். என் நாத்தனார் மகனைக் குடிவைத்தோம். நிலம் குத்தகைக்கு விட்டது விட்டதுதான், அதைப் பற்றி இனி போனில் பேசுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டோம். அதை நான் காப்பாற்றினேன்.

பெட்டியில் துணியைக் குறையுங்கள். ஒரு சின்ன இட்லிப் பாத்திரமும் இரண்டு கிலோ சாம்பார்ப் பொடியும் வையுங்கள். மீதியெல்லாம் அங்கே கிடைக்கும்.

முதல் மாதம்: வேலை செய்யாதீர்கள், நடங்கள்

போய் இறங்கின அன்றே எங்களுக்குக் கை பரபரத்தது. இத்தனை பேர் ஜெபித்து அனுப்பியிருக்கிறார்களே, உட்கார்ந்திருந்தால் எப்படி? எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு அம்மா சொன்னார்: “ஒரு மாசம் சந்தைக்குப் போங்க. அது போதும்.” எனக்குக் கோபம் வந்தது. சந்தைக்குப் போவதற்கா சபை எங்களை அனுப்பியது?

போனேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தரையில் விரித்த சாக்கில் ஒரு பெண் வாழைப்பூவை அடுக்கி வைத்திருந்தாள். நம்ம வாழைப்பூ. அவர்கள் அதை மெல்லிசாகச் சீவிப் பச்சையாகவே கலவை போட்டுச் சாப்பிடுகிறார்கள். பக்கத்திலேயே முருங்கைக் கீரை கட்டுக்கட்டாக. பெயரைக் கேட்டால் “ம்ரும்” என்கிறாள். நான் அதைத் திருப்பிச் சொல்ல, அவள் திருத்த, நான் “முருங்கை” என்று சொல்லிக் கொடுக்க, அவள் சிரிக்க, பக்கத்துக் கடைக்காரிகளும் கூடிவிட்டார்கள். மீதிச் சில்லறையை ரியெல் நோட்டில் எண்ணிக் கொடுத்தாள். அங்கே டாலரும் ரியெலும் கலந்து புழங்கும், டாலருக்குச் சுமார் 4000 ரியெல். நான் திணறுவதைப் பார்த்து, என் கையிலிருந்த நோட்டுகளை அவளே எடுத்துப் பிரித்து அடுக்கிக் கொடுத்தாள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தவள் நான்!

தினமும் அதே கடை, அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கடை பார்த்து விலை பேசிக் கால் ரூபாய் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரே கடைக்குப் போனால்தான், ஒரு நாள் போகாவிட்டால் “நேற்று ஏன் காணோம்” என்று கேட்க ஒரு ஆள் இருக்கும்.

மொழி: பிள்ளையாகிவிடுங்கள்

1706ஆம் வருடம் ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது முடிந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பது எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. அதைச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் மணலில் உட்காருகிற முறை எனக்கு வந்தபோது வயது 62. முட்டி மடங்கவில்லை. மனசும்தான்.

கம்போடியர்களின் மொழியான கெமரின் எழுத்தைப் பார்த்து மிரளாதீர்கள். அது நம் பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது. கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தால் பாட்டியின் ஜாடை பேத்தியிடம் தெரிவது போல எங்கேயோ ஒரு வளைவு பிடிபடும். வார்த்தைகளிலும் அப்படித்தான். ஆசிரியர் “க்ரூ”, முகம் “முக்”, பள்ளிக்கூடம் “ஸாலா”. எல்லாம் வடமொழி வழியாகப் போய் அங்கே தங்கிவிட்ட சொந்தங்கள். தாத்தாவை “தா” என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரை விடுதிப் பிள்ளைகள் முதல் நாள் “லோக் தா” என்று கூப்பிட்டதும் மனிதர் உருகிவிட்டார். பாட்டி “யேய்”. அதற்கு நான் பழகக் கொஞ்ச நாள் ஆனது.

அவர் பிடித்துக்கொண்டது எண்களை. அங்கே ஒன்பதுக்குள் ஐந்து வரைக்கும்தான் தனிப்பெயர்: முய், பீ, பெய், புவன், ப்ராம். ஆறு என்றால் “ப்ராம்-முய்”, அதாவது ஐந்தும் ஒன்றும். ஒன்பது “ப்ராம்-புவன்”, ஐந்தும் நாலும். “ஒரு கை எண்ணி முடிச்சு அடுத்த கைக்குப் போறாங்க பார்” என்று கணக்குப் பிள்ளைக்கு ஒரே குஷி. எட்டு வயதுப் பையன் ஒருவன் அவருக்கு வாத்தியார். தப்பாகச் சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்வான், தன் தலையில்தான். பிறர் தலையைத் தொடுவது அங்கே மரியாதைக் குறைவு. பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுக்கிற நம் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

வகுப்புக்குப் போங்கள், புத்தகமும் வாங்குங்கள், சரி. ஆனால் முதலில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சுத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள்: “ஞாம் பாய் ஹாய் நௌ?” சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் பார்த்தவுடன் கேட்பது அதுதான். பதிலுக்குப் பெண்கள் “ஜாஸ்”, ஆண்கள் “பாத்” என்று ஆமோதிக்க வேண்டும். இவர் ஒரு மாதம் முழுக்க என்னைப் பார்த்துப் பழகி “ஜாஸ், ஜாஸ்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் திருத்தவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள்.

நான்காவது மாதம்

இதைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புதுசு தீர்ந்துபோகும். வேலை பிடிபட்டிருக்கும், ஆனால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. ஊருக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் எழுதச் செய்தி இருக்காது. சித்திரை வெயில் நம் ஊரைப் போலவே மண்டையைப் பிளக்கும். அவர்களுக்கும் ஏப்ரல் நடுவில்தான் புத்தாண்டு. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட, தெரு காலியாகிவிட்டது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். “எதுக்கு வந்தோம்?” என்று கேட்டேன். “எனக்கும் தெரியல” என்றார் அவர். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்தச் சமயத்தில் பெரிய தீர்மானம் எதுவும் எடுக்காதீர்கள். டிக்கெட் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு அழுது போன் பண்ணாதீர்கள், அவர்கள் பயந்துபோய் “உடனே வாங்க” என்பார்கள். சின்னதாக, தினமும் செய்கிற மாதிரி, யாரும் கணக்குக் கேட்காத வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தது பூண்டு. பக்கத்து வீட்டு யேய் சந்தைக்காரிகளுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பார். எழுபதைத் தாண்டியவர். அந்த வயதில் அங்கே மனிதர்கள் குறைவு. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியிலும் கொலையிலும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உயிர்தப்பியவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான் போய் எதிரே உட்கார்ந்தேன். அவர் ஒரு பிடி பூண்டை என் பக்கம் தள்ளினார். நான் நம் வழக்கப்படி நகத்தால் கிள்ளி உரித்தேன். அவர் கத்தியின் பக்கவாட்டால் ஒரு தட்டு தட்டினார், தோல் தானாகக் கழன்றது. என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன். பல் நசுங்கிப் போய்விட்டது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு.

மறுநாளும் போனேன். பேச்சு ஒன்றும் இல்லை. பல நாள் கழித்து, ஒரு மத்தியானம், அவர் விரல்களை மடக்கி ஐந்து வரை எண்ணினார். பிறகு நான்கை மடக்கிவிட்டு, ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்தார். உடன்பிறந்தவர்களா, பிள்ளைகளா என்று கேட்க எனக்கு மொழி இல்லை. கேட்டிருந்தாலும் ஆறுதலாகச் சொல்ல என்னிடம் என்ன இருந்திருக்கும்? பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து இவரிடம், “இன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன்” என்றேன். வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

கொடுத்தே பழகிய கை நம்முடையது. டீச்சர், செயலர் என்று ஊரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்கள். அங்கே போய் முதலில் வாங்கப் பழக வேண்டும். ஒரு பிடி சோறு, ஒரு திருத்தம், ஒரு கேலி எல்லாவற்றையும்.

இருபத்து நாலு மணி நேரமும் ஒரே முகம்

நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியிருப்பீர்கள். ஆனால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே இரண்டு அறை வீட்டில் பொழுதுக்கும் பார்க்க வேண்டும். அவர் டம்ளரை வைக்கிற சத்தம்கூட எனக்கு ஆகாமல் போன வாரம் ஒன்று உண்டு. தனித்தனி வேலையாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாக நடக்கப் போங்கள். நான் பூண்டுக்குப் போகிற ஒன்றரை மணி நேரம் அவர் சங்கே ஆற்றங்கரையில் போய்த் தூண்டில்காரர்களோடு உட்கார்ந்துவிடுவார். ராத்திரி சாப்பிடும்போது இருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஊரில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

தனியாகப் போகிறவர்களும் உண்டு, குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள். அவர்களை இன்னொரு மூத்த சகோதரியோடு சேர்த்து அனுப்புகிறார்களா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் ஞாபகம்

வரும். தடுக்க முடியாது. நாள் குறித்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, பேரப்பிள்ளைகளோடு பேசச் சுலபம். ஆனால் வாரம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். தினம் பேசினால் உடம்பு அங்கே, குடித்தனம் இங்கே என்று ஆகிவிடும்.

2023 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்ததைப் போனில் பார்த்துவிட்டு, நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்த அதே மனிதர், நாத்தனார் மகனுக்கு மூன்று தடவை போன் போட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம் அவருக்கு அங்கேயே ஒரு ஆறு கிடைத்தது. தொன்லே சாப் ஆறு மழைக்காலத்தில் பின்னோக்கி ஓடும். மீகாங் பேராற்றில் வெள்ளம் ஏறினால் தண்ணீர் திரும்பிப் பெரிய ஏரிக்குள் போய் நிறையும், மழை ஓய்ந்ததும் மறுபடி திசை மாறும். நவம்பரில் அதற்குப் படகுப் பந்தயத்தோடு தண்ணீர்த் திருவிழா. “ஆறு திரும்புதாம்டி” என்று நம்பாமல் நோம் பென்னுக்கே போய்க் கரையில் நின்று பார்த்தார்.

அங்கே முன்னோர்களுக்குப் படைக்கிற பச்சும் பென் என்ற பண்டிகை அந்த வருடம் அக்டோபர் நடுவில் வந்தது. அதே சமயத்தில்தான் இங்கே மகாளய அமாவாசை. எங்கள் தெருக்காரர்கள் பூம்புகார் கடலில் முழுகிக்கொண்டிருப்பார்கள், பட்டம்பாங்கில் யேய் விடியலுக்கு முன்னே எழுந்து சோற்று உருண்டையோடு விகாரைக்குப் போனார். அது நம் வழி இல்லை, நான் உள்ளே போகவில்லை. ஆனால் விடிகாலையில் அவருக்கு டார்ச் அடித்து வாசல்வரை கூட்டிப் போனேன். அது தப்பா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் யாருக்காகப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் சொன்னேன்.

இன்னொன்றையும் போவதற்கு முன் பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் வருவீர்களா, மாட்டீர்களா? யாருக்கு வருவது, யாருக்கு இல்லை? டிக்கெட் பணம் எங்கே இருக்கிறது? என் பெரியம்மா போனபோது நான் வரவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அந்தக் காந்தல் இன்னும் இருக்கிறது. முன்பே பேசிவைத்திருந்ததால் அதில் யார்மேலும் பழி போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது

கடைசி மாதம் உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்தக் கடைக்காரி, எந்தப் பையனுக்குக் கணக்கு வராது, எந்த பீரோச் சாவி இறுக்கம் என்பதுவரை. இவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிறைத்துக் கொடுத்தார்.

நாங்கள் 2024 ஜூலையில் வந்தபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஜூன் 12 திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் விட்டார்கள். எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த அன்று காலை இவர் பல் துலக்கிய கையோடு கரைக்குப் போய்விட்டார். முதல் தண்ணீர், சருகும் நுரையுமாக, வெடிப்புகளில் இறங்கி இறங்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. வீடியோ கால் போட்டு யேய்க்குக் காட்டினார். பேத்தி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யேய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பேத்தி தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னாள்: “தா, உங்க ஆறு எப்போ திரும்பும்னு பாட்டி கேக்குறாங்க.”

இவர் சிரித்துக்கொண்டே, போனைக் கிழக்கே கடல் இருக்கிற பக்கம் திருப்பிப் பிடித்தார்.